ஓரகத்தியின் இத்தாலிப் பேச்சு

என் மகன் இத்தாலியில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய் எங்களிடம் சொன்னான். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தோம். பிறகு முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்து, வெள்ளைப் பூ வந்ததும் சரி என்றோம். சரி சொன்ன அன்றைக்கு நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பெண்ணோடு நான் எப்படிப் பேசுவது என்பதுதான்.

"நான் நடுவுல இருந்து சொல்றேம்மா" என்றான்.

"எத்தினி நாளைக்கு நீ நடுவுல நிப்ப? மாமியாரும் மருமவளும் பேசிக்கிறதுக்கு நடுவுல ஆம்பளைக்கு இன்னாடா வேலை?"

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டைப் படிப்பேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் உத்திரமேரூர் நெல் மண்டியில் எடை போடுகிறவர். ஆனால் ஆண்டவன் எனக்கு ஞாபகத்தைக் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறான். கோயிலில் பாடும் பதிகங்களைப் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான் இத்தாலி பாஷையையும் படித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கோயிலில் பூ கட்டும் அம்மா ஒருத்தி வழி சொன்னாள். செங்கல்பட்டு போகிற வழியில் ஒரு கன்னியர் மடம் இருக்கிறது. அங்கே இருக்கிற சிஸ்டரம்மா இருபது வருஷத்துக்கு மேல் இத்தாலியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர். வயதானதும் இங்கே வந்துவிட்டார். போய்க் கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார். தனியாகப் போகாதே, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார் என் வீட்டுக்காரர். நான் என் ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளை அழைத்துப் போனது நான்தான். மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஓரகத்தி என் கொழுந்தனார் பெண்டாட்டி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், நடுவில் ஒரு பக்கக் கதவு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். பன்னிரண்டாவது படித்தவள். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறாள். காலால் மெஷினை மிதித்துக்கொண்டே வாயால் நாலு பேரிடம் பேசுவாள். அவளுக்கு இரண்டும் பையன்கள். இரண்டு பேரும் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறார்கள்.

சிஸ்டரம்மா இலக்கணம் எதுவும் சொல்லித்தரவில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம். நான் கதை சொல்றேன், கேளுங்க. நீங்க திருப்பிச் சொல்லுங்க. அப்புறம் உங்க ஊர்க் கதை ஒண்ணை அதே பாஷையில எனக்குச் சொல்லுங்க" என்றார். கையில் ஒரு ரொட்டித் துண்டோ பழைய காலண்டர் படமோ வைத்துக்கொண்டு, முதலில் இத்தாலியில் சொல்வார், பிறகு தமிழில், மறுபடியும் இத்தாலியில்.

முதல் கதை அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பதைப் பற்றியது. அக்கா வீட்டில் அத்தி மரம். கிளை சுவரைத் தாண்டிப் போய் நல்ல பழமெல்லாம் தங்கை வீட்டில் விழும். அக்கா வயிறெரிந்து கிளையை வெட்ட அரிவாளோடு வருவாள். தங்கை ஒரு கூடைப் பழத்தோடு வாசலில் நிற்பாள். வீட்டுக்கு, மரத்துக்கு, அக்காவுக்கு, பொறாமைக்கு எல்லாம் இத்தாலியில் இன்ன வார்த்தை என்று அந்தக் கதையில்தான் கற்றோம்.

கதையோடு கூட அந்த ஊர் நடப்பும் வரும். அவர்கள் சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு பேண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாக வருவார்களாம். வீட்டுக்கு வீடு ஜன்னலில் நல்ல துணியாகப் பார்த்துத் தொங்கவிடுவார்களாம். நம்ம ஊர் உற்சவந்தானே இது என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பால் காபி காலையில் மட்டும்தான் குடிப்பார்களாம். உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்களாம். "அட, நம்ம வூட்லயும் கொடுக்க மாட்டமே" என்று நானும் ஓரகத்தியும் ஒரே நேரத்தில் சொன்னோம். சிஸ்டரம்மா சிரித்தார்.

நான் படித்த விதம் எனக்குத் தெரிந்த விதம். கதையை அப்படியே மனப்பாடம் செய்தேன். விடியற்காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றி, பதிகம் சொல்லி முடித்ததும், அதே ஆசனத்தில் உட்கார்ந்து அத்தி மரக் கதையை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் சொல்வேன். ஒரு எழுத்து பிசகாது. ஓரகத்திக்குக் கதையே ஞாபகம் இருக்காது. பாதி இத்தாலி, பாதி தமிழ், மீதி கையால். அல்லோரா என்று ஒரு வார்த்தை. நம் 'அப்புறம்' மாதிரி. அதை எங்கே பார்த்தாலும் போட்டுக்கொண்டே அவள் பாதி வகுப்பை ஓட்டினாள். சிஸ்டரம்மா என்னிடம், "ரொம்ப சுத்தமாச் சொல்றீங்கம்மா" என்பார். அவளிடம் ஏதோ கேட்பார், அவள் ஏதோ சொல்வாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஓரகத்தி சொன்னாள்: "இன்னாக்கா, நீ சாமி முன்னால நின்னுக்கினு சொல்ற மாதிரியே சொல்ற. கண்ணைக் கூட மூடிக்கிற. அந்தப் பொண்ணு பயந்துக்கப் போவுது."

"உனக்குச் சொல்லத் தெரியலன்னு சொல்லுடி."

"சொல்லத் தெரியலதான். பேசத் தெரியுது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வருஷம் போனது. நடுவில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் நான் போகவில்லை. அன்றைக்குச் சனிப் பிரதோஷம். அதை விட்டுவிட்டு நான் எந்தப் பாஷையைப் படிப்பது? ஓரகத்தி மட்டும் போய்விட்டு வந்தாள். என்ன சொல்லித்தந்தார் என்று கேட்டதற்கு, "கை ஆட்றதுக்கா, ஒண்ணுமில்ல" என்றாள்.

தை மாதம் மகனும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். முருகன் கோயிலில் தாலி கட்டு. அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானம் ஏறப் பயம். வரவில்லை. ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அந்த ஒரு மாதத்துக்குள் என் மருமகளோடு என் வாயால், யாரும் நடுவில் நிற்காமல், மனசு விட்டு ஒரு பேச்சுப் பேசிவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆரத்தி எடுத்து, பாலும் பழமும் கொடுத்து, கூடத்தில் உட்கார வைத்தோம். நான் எதிரே நின்று கைகூப்பி, அத்தி மரக் கதையை ஆரம்பித்தேன். மருமகளுக்குக் கண் விரிந்தது. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். கதை முடிந்ததும் எழுந்து கை தட்டினாள், என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல் இரண்டாவது கதையை ஆரம்பித்தேன்.

"அம்மா, போதும்மா" என்றான் மகன். "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களான்னு கேக்குறா."

அதற்குள் ஓரகத்தி உள்ளே வந்துவிட்டாள். அல்லோரா என்றாள். அப்புறம் தூக்கம், மாமியார், பயம், கோழி என்று எதையெதையோ சேர்த்துப் போட்டாள். உன் மாமியார் விடியும் முன்னாலேயே எழுந்துவிட்டார், மருமகள் வருகிறாள் என்று கோழி மாதிரி கத்திக்கொண்டே இருந்தார் என்று சொன்னாளாம். மருமகள் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அப்படியே எழுந்து ஓரகத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் சாப்பாடு. மகன் யாரோ சிநேகிதனைப் பார்க்கப் போயிருந்தான். மருமகளை இலை போட்டு உட்கார வைத்து நான் பரிமாறினேன், ஏதோ சொல்லிக்கொண்டும் இருந்தேன். அவள் ஐந்து விரலையும் மேல் பக்கமாகக் குவித்து ஆட்டினாள். நம் ஊரில் விரலைக் குவித்துக் காட்டினால் சோறு என்றுதானே அர்த்தம். ஒரு கரண்டி போட்டேன். மறுபடியும் விரலைக் குவித்து வேகமாக ஆட்டினாள். இன்னொரு கரண்டி. பாவம், போட்டதையெல்லாம் மரியாதைக்குச் சாப்பிட்டாள். மூன்றாம் தடவை போடும்போது ஓரகத்தி பக்கக் கதவு வழியாக வந்து பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அது சோறு கேக்கல. இன்னா சொல்றீங்கன்னு கேக்குது. வயிறு வெடிச்சிடப் போவுது, வுடுக்கா."

அதுதான் அவள் எனக்குச் சொல்லாமல் விட்ட கை ஆட்டும் பாடம். என் வீட்டுக்காரர் சிரித்தார், மருமகளும் விஷயம் புரிந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போய், சுத்தமாக இருந்த வெண்கலப் பானையை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். காலையில் என் வீட்டில் நாஷ்டா முடிந்ததும் மருமகள் பக்கக் கதவைத் தாண்டிவிடுவாள். அந்தப் பக்கம் மெஷின் ஓடும், நின்றுவிடும், சிரிப்புச் சத்தம் வரும். மருமகள் என்னை அத்தை என்று கூப்பிடுவாள். நான் சொல்லித்தந்தேன். ஓரகத்தியை, என் மகனைப் போலவே, சித்தி என்று கூப்பிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. சின்னத்தை என்றல்லவா கூப்பிட வேண்டும். அவளுக்கு இவள் எப்படிச் சித்தி ஆவாள்? இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கூப்டுட்டுப் போவட்டும், உனக்கு இன்னா பேஜாரு" என்று பேப்பரைத் திருப்பினார்.

ஒரு நாள் சாம்பாரில் உப்புக் குறைவு. மருமகள் உப்பு ஜாடியைக் காட்டினாள். நான் எடுத்து நீட்டினேன். அவள் கையில் வாங்கவில்லை, கீழே வைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் அம்மா, நானே மறந்து நீட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வார்த்தைகள் என்னிடம் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கதைக்குள் இருந்தது. 'எங்களுக்கும்' என்ற வார்த்தையை எடுக்க மூன்றாவது கதையை மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வர வேண்டியிருந்தது. நான் அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் அவள் சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு, உப்பு என்று ஓரகத்தி சொல்வது கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் பக்கக் கதவைத் தாழ் போட்டேன். கொசு வருகிறது என்று காரணம் சொன்னேன். அவர்கள் வாசல் வழியாகப் போனார்கள், வந்தார்கள்.

வியாழக்கிழமை வந்தது. திருப்புலிவனம் சிவன் கோயிலில் தட்சிணாமூர்த்திக்கு நான் வியாழன்தோறும் விளக்குப் போடுவது வழக்கம். மருமகளையும் கூட்டிக்கொண்டு போனால் அந்த ஒரு நாளாவது அவள் என்னோடு இருப்பாள் என்று நினைத்தேன். கொழுந்தனார் தன் ஆட்டோவில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ஆட்டோ வந்து நின்றபோது உள்ளே ஓரகத்தி பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நானும் வரேங்கா. அதுக்கு கோயிலப் பத்தி சொல்லணும்ல."

கோயில் பிரகாரத்தில் அவர்கள் இரண்டு பேரும் முன்னால் பேசிக்கொண்டே போனார்கள். ஓரகத்தி கல்லைக் காட்டி, சிலையைக் காட்டி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பாதியும் தப்பாகத்தான் இருக்கும். இத்தனை வருஷமாக அந்தச் சாமிக்கு விளக்குப் போடுகிறவள் நான், பின்னால் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சன்னிதியில் நின்றேன். கண்ணை மூடினேன். கல்வி கொடுக்கிற சாமி அது. பிள்ளைகளுக்குப் படிப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற இடம். நான் அங்கே நின்று, 'சாமி, அவள் நாக்கில் இருக்கிற பேச்சை எடுத்துவிடு' என்று வேண்டிக்கொண்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கொழுந்தனார் வாசலில் வந்து நின்றார். "அண்ணி, அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பேச்சே வரல. ஜுரம் வேற."



டாக்டர் தொண்டையில் புண் என்று மாத்திரை கொடுத்து, மூன்று நாளைக்கு வாய் திறக்கக் கூடாது என்றாராம். வெயிலில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து இரண்டு கப் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறாள். டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் என்ன கேட்டேன் என்பது டாக்டருக்குத் தெரியாது.

இனி மருமகள் என்னிடம் வருவாள் என்று ஒரு நப்பாசை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தப் பயத்திலும் எனக்கு இருந்தது. அவள் வரவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் ஓரகத்தியின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணி போட்டாள், கஞ்சி ஊட்டினாள். ஒருத்தி பேசாமலேயே இரண்டு பேரும் கையால் பேசிக்கொண்டார்கள். சாமி என் சொல்லைக் கேட்டும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜுரம் இன்னும் இறங்கவில்லை. என் வீட்டுக்காரரும் மகனும் கல்யாணப் பதிவு விஷயமாக ஒருவரைப் பார்க்கக் காஞ்சிபுரம் போயிருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் கொழுந்தனார் வந்தார்.

"கண்ணு பட்டுடுச்சி அண்ணி. எதிர் வூட்டுக்காரி அன்னிக்கே சொன்னா, இன்னாம்மா வெள்ளைக்காரியாட்டம் பேசுறியேன்னு. அவ கண்ணுதான். அவ காலடி மண்ணை எடுத்து நீங்க ஒரு தபா சுத்திப் போட்டுடுங்க. வூட்டுக்குப் பெரியவங்க நீங்கதானே."

கண் பட்டதற்குச் சுற்றிப் போடும்போது, யார் கண் என்று சந்தேகமோ அவர்கள் காலடி மண்ணை உப்போடும் மிளகாயோடும் சேர்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் முறத்தில் உப்பும் ஏழு காய்ந்த மிளகாயும் எடுத்து வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். எதிர் வீட்டு வாசலில் அந்த அம்மா கோலமாவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "தேவலாமா அவளுக்கு? நான் வந்து பாக்கலாம்னு கீறேன்" என்றாள்.

நான் அவள் வாசலுக்குப் போகவில்லை. எங்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, மண்ணில் அழுத்தி நின்று, என் வலது காலடி மண்ணைக் கிள்ளி எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஓரகத்தியைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தேன். ஊர்க் கண், உறவுக் கண் என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். உறவு என்று சொல்லும்போது எனக்குக் குரல் இறங்கிவிட்டது. மருமகள் சுவரோரம் நின்று கூர்ந்து பார்த்தாள். அடுப்பில் போட்டேன். மிளகாய் வெடித்தது, கருகியது. ஒரு தும்மல்கூட யாருக்கும் வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு இருந்தது என்று அர்த்தம்.

"பாத்தீங்களா" என்றார் கொழுந்தனார்.

மருமகள் சட்டென்று போனை எடுத்தாள். என் அம்மாவும் இதைச் செய்வாள் என்று தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் சொன்னாள். போனில் அவள் அம்மா முகம் வந்தது. பின்னால் அடுக்களை, சுவரில் மாதா படம், கீழே சின்ன விளக்கு. மகள் சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மா ஒரு வார்த்தையும் கேட்காமல் எழுந்து போய், ஒரு தட்டில் தண்ணீர் எடுத்து வந்தாள். முணுமுணுவென்று ஏதோ ஜெபம். தண்ணீரில் எண்ணெய் சொட்டுவிட்டாள். சொட்டு விரிந்து போவதைக் குனிந்து பார்த்தாள். அந்த ஊரில் அம்மாவிடமிருந்து மகளுக்கு, பெண்கள் கையில் மட்டும் வருகிற வழக்கமாம் அது.

பிறகு நிமிர்ந்து சொன்னாள். உனா தொன்னா. தெல்லா காசா.

எனக்கு அது புரிந்தது. கதையை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்காமலேயே புரிந்தது. ஒரு பெண். இந்த வீட்டுப் பெண். கட்டிலில் இருந்த ஓரகத்திக்கும் புரிந்திருக்கும். அவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னா சொல்லுது அந்தம்மா?" என்றார் கொழுந்தனார்.

"பொம்பளை" என்றாள் மருமகள். "வூடு."

"அதான் சொன்னேனே, எதிர் வூட்டுப் பொம்பளை. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்" என்று செருப்பைத் தேடினார்.

நான் அந்த இடத்தில் எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. சோனோ ஸ்தாதா இயோ என்றேன். நான்தான் செய்தேன். சோனோ ஜெலோசா. எனக்குப் பொறாமை. தமிழில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. தமிழில் எனக்கு ஐம்பது வருஷத்து மானம் மரியாதை இருக்கிறது. அந்தப் பாஷையில் எனக்கு இன்னும் எதுவும் சேரவில்லை, அதனால் சொல்ல முடிந்தது.

ஆனால் கொழுந்தனார் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார். அவருக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும்.

"எதிர் வூட்டுக்குப் போவாதீங்க. அது அவங்க மண்ணு இல்ல. என் காலடி மண்ணு. கோயில்ல நின்னுக்கினு இவ பேச்சை எடுத்துடுன்னு வேண்டிக்கினது நான்."

அவர் என்னைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "ஆட்டோவுக்குக் காத்து அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பெர்கே, ஏன் என்றாள் மருமகள். கோபமாகக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். போனில் அந்த அம்மாவும் காத்திருந்தாள். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், இப்படித்தான்: நான் பேசணும். இவள் பேசுறாள். என் மகன். என் வீடு. உன் சிரிப்பு அங்கே. நான் இங்கே பானை. மருமகள் 'பானை'க்கு மட்டும் என்ன என்று கேட்டாள், நான் கையால் துலக்கிக் காட்டினேன்.

போனில் அந்த அம்மா கண்டிப்பாக ஏதோ சொன்னாள், மருமகள் கையால் காட்டிப் புரியவைத்தாள். கண் வைத்தவளே போய் நெற்றியைத் தொட வேண்டுமாம். அப்போதுதான் இறங்குமாம். நான் திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஓரகத்தியின் நெற்றியில் பூசினேன். சூடு கொதித்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் என் காதை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதையும் மீறி, கரகரவென்று சொன்னாள்:

"வேண்டிக்கினதுதான் வேண்டிக்கின. எங்க வூட்டு ஆம்பளை வாயையும் சேத்து வேண்டியிருக்கக் கூடாதா?"

நான் அழுதுகொண்டே அவள் தோளில் ஒரு அடி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் குரல் திரும்பியது. புதன்கிழமை பக்கத்து வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். சத்தம் கேட்டதும் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரிதான் இருந்தது. வியாழக்கிழமை திருப்புலிவனம் போய், சாமி, அன்றைக்குக் கேட்டதை மன்னித்துவிடு என்று மட்டும் சொன்னேன். எனக்கென்று வேறு எதையும் கேட்கப் பயமாக இருந்தது.

அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் மத்தியானம், நான் கூடத்தில் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் வந்து எதிரே உட்கார்ந்து அவளும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தண்டை உடைத்தாள். பிறகு, கோயிலில் நீங்கள் சாமியிடம் என்ன கேட்டீர்கள், சரியாகச் சொல்லுங்கள் என்றாள், இத்தாலியில். எனக்குப் புரிந்தது. புரிந்தும் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. நாக்கு என்பதற்கு வார்த்தை தெரியவில்லை, நாக்கை நீட்டிக் காட்டினேன். அவள் வார்த்தையைச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன்.

மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகன் சத்தம் கேட்டு இறங்கி வந்தான். "இன்னாம்மா, நான் சொல்லட்டுமா?" என்று எங்களுக்கு நடுவில் உட்காரப் போனான்.

மருமகள் அவனை நிமிர்ந்து பார்த்து, போ என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவன் போனான். நான் மூன்று தடவை வேண்டிக்கொண்டேன் என்று மூன்று விரலைக் காட்டினேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, மூன்று தடவையா என்று வாயில் கை வைத்தாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் நான் சொல்லச் சொல்ல, அவள் நடுவில் நடுவில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.